சாரம் இறங்காத பேராலயம்



ஒரு காலத்தில் நம் வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், 'ஓடிகோலன்' நனைத்த துணியை நெற்றியில் போடுவார்கள். அந்தப் புட்டியின் பெயருக்குள் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது. "கொலோன் நகரத்து நீர்" என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். கொலோன், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் பழம்பெரும் நகரம். ரோமானியர் காலத்திலேயே பெயர் பெற்றது. இன்று நாம் பேசப்போவது அந்த ஊரின் வாசனைத் தண்ணீரைப் பற்றியன்று. அங்கே விண்ணைத் தொடுவதுபோல் நிற்கும் பேராலயத்தைப் பற்றி.

கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் பேராலயம் கண்முன்னே நிற்கும். தேடிப் போக வேண்டியதில்லை. 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள், கரிய நிறக் கற்கள், ஊசி ஊசியாக மேலே எழும் சிகரங்கள். கூடவே இன்னொன்றும் கண்ணில் படும். அதுதான் சாரம். கோபுரத்தின் ஒரு மூலையிலோ, பக்கச் சுவரிலோ, பின்புறத்திலோ எங்காவது ஓரிடத்தில் இரும்புக் குழாய்களும் பலகைகளும் கட்டியிருப்பார்கள்.

சுற்றுப்பயணிகள் பலருக்கு இது மனக்குறை. "இவ்வளவு தூரம் பணம் செலவழித்து வந்தோம், படம் எடுக்கும்போது சாரம் குறுக்கே நிற்கிறதே!" என்று அலுத்துக்கொள்வார்கள். என் கருத்து வேறு. அந்த ஆலயத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, பார்க்க வேண்டிய முதல் காட்சியே அந்தச் சாரம்தான். ஏன் என்பதை விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

632 ஆண்டுகள்

1164ஆம் ஆண்டு. இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து ஒரு புனிதப் பொருள் கொலோனுக்கு வந்து சேர்ந்தது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியரின் எலும்புகள் என்று மக்கள் நம்பிய அந்தப் பொருளை, பேரரசர் பிரடெரிக் பார்பரோசாவின் அனுமதியோடு பேராயர் ரைனால்டு கொண்டுவந்தார். ஐரோப்பா எங்கிருந்தும் யாத்திரிகர்கள் திரண்டார்கள். பொன்னால் ஒரு பேழை செய்தார்கள். அந்தப் பேழைக்கு ஏற்ற ஆலயம் வேண்டும் அல்லவா?

பழைய ஆலயம் 1248ஆம் ஆண்டு தீயில் அழிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பேராயர் கொன்ராட் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது பிரான்சில் புதிதாகப் புகழ்பெற்றிருந்த கட்டட முறையைத்தான் நாம் கோத்திக் என்கிறோம். அமியென் நகரத்துப் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து, கெர்ஹார்டு என்ற தலைமைக் கட்டடக் கலைஞர் வேலையைத் தொடங்கினார்.

கோத்திக் முறையின் இரகசியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரமான கல் கூரை தன் பாரத்தால் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தாங்கப் பழைய காலத்தில் சுவரைத் தடிப்பாகக் கட்டினார்கள். சன்னலும் சிறியதாக இருந்தது. கோத்திக் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? ஆலயத்துக்கு வெளியே தனித் தூண்களை நிறுத்தி, அவற்றிலிருந்து கை நீட்டியதுபோல் கல் வளைவுகளைக் கொண்டுவந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். பாரம் அந்தக் கைகளின் வழியே தரைக்கு இறங்கிவிடும். சுவர் மெலிந்தது, அதன் இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வந்தன. கொலோனில் உட்கூரையின் உயரம் 43 மீட்டர். அவ்வளவு உயரத்திலும் உள்ளே வெளிச்சம் நிறைந்திருப்பது இதனால்தான்.

ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. எலும்புக்கூடு முழுவதும் வெளியே, மழையிலும் பனியிலும் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பீடம் இருக்கும் கீழ்ப்பகுதி 1322ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. அதற்கே 74 ஆண்டுகள்! பிறகு தென்கோபுரத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுகள் போகப் போக யாத்திரிகர் வருகை குறைந்தது, பணம் சுருங்கியது, கோத்திக் முறைமீதே மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது. 1560ஆம் ஆண்டு வேலை முற்றாக நின்றது.

ஒரு பக்கம் முடிந்த கருவறைப் பகுதி, மறுபக்கம் அரைகுறைக் கோபுரம், நடுவே தற்காலிகக் கூரை. அந்த அரைக் கோபுரத்தின் உச்சியில் கல் தூக்கும் மரப் பாரந்தூக்கி ஒன்று அப்படியே நின்றுபோனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தலைமுறை தலைமுறையாக! பேரன் பேத்திகளெல்லாம் அந்தப் பாரந்தூக்கியையே பார்த்து வளர்ந்தார்கள். பழைய ஓவியங்களில் கொலோன் நகரத்தின் அடையாளமே அதுதான். 1868ஆம் ஆண்டுதான் அதை இறக்கினார்கள்.

கிடைத்தது வரைபடம்

1794ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை நகருக்குள் வந்தபோது, இந்த ஆலயம் கிடங்காகப் பயன்பட்டது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. காரணம், ஒரு தோல்.

மேற்கு முகப்பும் இரண்டு கோபுரங்களும் எப்படி அமைய வேண்டும் என்று இடைக்காலக் கலைஞர்கள் நாலு மீட்டருக்கும் அதிக உயரமுள்ள தோல் ஏட்டில் வரைந்து வைத்திருந்தார்கள். போர்க்குழப்பத்தில் அது காணாமல் போனது. 1814ஆம் ஆண்டு அதன் ஒரு பாதி டார்ம்ஸ்டட் நகரத்தில் கிடைத்தது. மறுபாதியை 1816ஆம் ஆண்டு பாரிசில் சுல்பிட்ஸ் புவாசெரே என்பவர் கண்டெடுத்தார். இவர் கொலோனில் பிறந்தவர். ஆலயத்தை முடித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய கலைஞன் மனத்தில் என்ன இருந்தது என்பது இப்போது கையில் இருந்தது.

1842ஆம் ஆண்டு பொதுமக்கள் ஆலயக் கட்டுமானச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் இரண்டாவது அடிக்கல் நாட்டினார். மன்னர் புரொட்டஸ்டன்ட் பிரிவினர், ஆலயமோ கத்தோலிக்கர்களுடையது. சிதறிக் கிடந்த ஜெர்மானிய மக்களை ஒன்றாக்கும் சின்னமாக அது இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. எல்லாரும் இதை ஏற்கவில்லை. முதலில் ஆதரவு தந்த கவிஞர் ஹைன்ரிக் ஹைனே, 1844ஆம் ஆண்டு வெளிவந்த நெடுங்கவிதை ஒன்றில் இந்த முயற்சியையே கேலி செய்தார். இது முடியாது, முடியவும் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் முடிந்தது. மன்னர் பணம், மக்கள் நன்கொடை, 1860களில் தொடங்கிய ஆலய லாட்டரி ஆகிய மூன்றும் சேர்ந்து கோபுரங்களை எழுப்பின. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பேரரசர் முதலாம் வில்லியம் முன்னிலையில் நிறைவு விழா. அடிக்கல் நாட்டி 632 ஆண்டுகள்! அன்று உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். ஆனால் விழா நாளில் ஆலயத்தின் பேராயர் அங்கே இல்லை. அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த மோதலில் அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் இல்லாமலே கிரகப்பிரவேசம் நடந்ததுபோல!

முடிந்த அன்றே தொடங்கிய வேலை

சரி, 1880ஆம் ஆண்டே முடிந்துவிட்டது என்றால் இன்னமும் ஏன் சாரம் நிற்கிறது என்று நேயர்கள் கேட்கலாம்.

இங்கேதான் கல்லின் கதை வருகிறது. இடைக்காலக் கலைஞர்கள் பயன்படுத்தியது பக்கத்து டிராகன்பெல்ஸ் மலையின் எரிமலைக் கல். ரைன் நதி வழியே படகில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மலையின் சுரங்கத்தை மூடிவிட்டதால் வேறு இடங்களிலிருந்து கல் வரவழைத்தார்கள். அவற்றில் ஷ்லைட்டோர்பு என்ற ஊரின் மணற்கல்லும் ஒன்று. செதுக்க எளிது, பார்க்க அழகு. ஆனால் அந்தக் கல்லின் மணல் துகள்களைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து.

அந்த நேரத்தில் வேறொன்றும் நடந்தது. 1859ஆம் ஆண்டு ஆலயத்தின் காலடியிலேயே ரயில் நிலையம் வந்தது. நீராவி இயந்திரங்களும் தொழிற்சாலைகளும் நிலக்கரிப் புகையைக் கக்கின. புகையிலுள்ள கந்தகம் மழையில் கலந்து அமிலமாகிக் கல்லுக்குள் இறங்கும். சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக மாறும். அது ஊதிப் பெருகிக் கல்லை உள்ளிருந்தே உடைத்துவிடும். மேலே கறுப்புப் படலம். அதன் உள்ளே மாவு! சுற்றுப்பயணிகள் "எவ்வளவு பழமையான கருமை!" என்று வியக்கும் நிறம், பெரும்பாலும் புகையின் கறைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் பல இன்றும் தாங்கி நிற்க, 19ஆம் நூற்றாண்டுக் கற்களில் பல அவற்றுக்கு முன்பே நோயாளியாகிவிட்டன.

எலும்புக்கூடு வெளியே நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? முட்டுக் கொடுக்கும் வளைவுகள், அவற்றின் மேல் சிகரங்கள், பூ வேலைகள், நீர் கக்கும் விலங்கு முகங்கள் எல்லாம் மழைக்கு நேரே நிற்பவை. கல் உதிர்ந்தால் கீழே நடப்பவர் தலையில் விழும்.

ஆகவே ஆலயத்தின் அருகிலேயே ஒரு பணிமனை நிரந்தரமாக இயங்குகிறது. கற்தச்சர், சிற்பி, சாரம் கட்டுவோர், கொல்லர், தச்சர், கூரை வேலைக்காரர், கண்ணாடி வேலைக்காரர் எனப் பலர் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். இதன் தலைமைப் பொறுப்பில் 1999ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு பெண்மணி அமர்ந்தார். அவர் பெயர் பார்பரா ஷாக்-வெர்னர். ஐரோப்பாவின் இத்தகைய ஆலயப் பணிமனைகள் கைத்தொழில் அறிவைக் காத்துவரும் முறையை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ நற்பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

ஆலயத்தின் முன் சதுக்கத்தில் கல் மலர் ஒன்று நிற்கிறது. கோபுர உச்சியில் இருக்கும் மலரின் முழு அளவு நகல் அது. உயரம் 9 மீட்டருக்கும் அதிகம். நம் ஊர் மாடி வீட்டைவிட உயரம்! கீழிருந்து பார்த்தால் விரலளவாகத் தெரிவது உண்மையில் இவ்வளவு பெரியது. வடகோபுரத்தில் சுமார் 105 மீட்டர் உயரத்தில் சாரம் ஒன்று பத்து ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டு அதை இறக்கினார்கள். வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சாரம் இடம் மாறியது, அவ்வளவே. "ஆலயம் முடிந்தால் உலகமும் முடிந்துவிடும்" என்று கொலோன் மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வடுவை மூடலாமா?

இப்போது இந்தப் பேச்சின் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பழையதைப் பழுது பார்க்கும்போது எதைக் காப்பாற்றுகிறோம்? கல்லையா, உருவத்தையா, வரலாற்றையா?

19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வாதம் சூடாக நடந்தது. இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது அதை அழிப்பதற்குச் சமம் என்று 1849ஆம் ஆண்டு எழுதினார். அதே காலத்தில் பிரான்சில் வியோலே-லெ-டுக் என்பவர் பாரிசின் நோத்ர டாம் ஆலயத்தைப் புதுப்பித்து, அதற்குப் புதிய கூர்கோபுரமே எழுப்பினார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

கொலோனில் இந்தக் கேள்வி உயிருள்ளதாக நின்றது. இரண்டாம் உலகப் போரில் நகரம் தரைமட்டமானது. 14 பெரிய குண்டுகள் ஆலயத்தைத் தாக்கின. ஆனாலும் அது விழவில்லை. 1860களில் போட்ட இரும்புக் கூரைச் சட்டமும் அதற்கு ஒரு காரணம். மரமாக இருந்திருந்தால் தீக்குண்டுகளில் எரிந்து போயிருக்கும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸ் நோத்ர டாமின் மரக் கூரை எரிந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோமே!

1943ஆம் ஆண்டு ஒரு குண்டு வடகோபுரத்தின் அடிமுட்டில் பெரும் பள்ளம் பறித்தது. கோபுரமே சரியக்கூடும். கல் செதுக்க நேரமில்லை, போர் நடக்கிறது. கையில் கிடைத்த செங்கல்லை வைத்து அவசரமாக அடைத்தார்கள். பல்லில் ஓட்டை அடைப்பதுபோல் இருந்ததால் மக்கள் அதற்கு "பல் அடைப்பு" என்றே பெயர் வைத்தார்கள்.

போர் முடிந்தது. 1956ஆம் ஆண்டு ஆலயம் முழுவதும் வழிபாட்டுக்குத் திரும்பியது. ஆனால் அந்தச் செங்கல் ஒட்டு மட்டும் அரை நூற்றாண்டு அப்படியே இருந்தது. கரிய கல் நடுவே சிவந்த தழும்பு. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், "அது போரின் சாட்சி, மூடாதீர்கள்" என்றார்கள். பணிமனையின் நோக்கோ, ஆலயம் அதன் உருவத்தில் நிற்க வேண்டும் என்பது. கடைசியில் 1990களின் நடுவில் வேலை தொடங்கி, 2005ஆம் ஆண்டு செங்கல் மறைந்து செதுக்கிய கல் வந்துவிட்டது.

இது சரியா? என் மனம் அந்தச் செங்கல்லின் பக்கம்தான். அவசரத்தில், குண்டு மழைக்கு நடுவில், நாளை இந்த ஆலயம் நிற்குமா என்று தெரியாத நேரத்தில் அடுக்கிய சுவர் அது. மூலைக்கு மூலை உள்ள அழகிய சிற்பங்களைவிட அதில் ஒரு மனித உண்மை இருந்தது. ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தையும் தள்ள முடியாது. நோயாளிக்குப் போட்ட கட்டை, நோய் தீர்ந்த பின்னும் அவிழ்க்காமல் காட்சிக்கு வைக்க வேண்டுமா? தழும்பு வேண்டும் என்பவர் பார்வையாளர். உடல் நலம் வேண்டும் என்பவர் மருத்துவர். ஆலயத்துக்கு இருவரும் தேவை.

எல்லாவற்றையும் பழையபடியே செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. போரில் அழிந்த தென்புறப் பெரிய சன்னலுக்கு 2007ஆம் ஆண்டு ஓவியர் கெர்ஹார்டு ரிக்டர் புதிய வடிவம் கொடுத்தார். புனிதர் உருவம் எதுவும் இல்லை. 72 வண்ணங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள் மட்டுமே. அன்றைய பேராயருக்கே அது பிடிக்கவில்லை. வெளிப்படையாகக் குறை சொன்னார். பகல் வெயிலில் அந்தச் சதுரங்கள் தரையிலும் தூண்களிலும் வண்ணம் தெளிப்பதைப் பார்க்க இன்று கூட்டம் நிற்கிறது.

பெயர் தெரியாத கைகள்

கோத்திக் மறுமலர்ச்சி ஐரோப்பாவோடு நிற்கவில்லை. நம் வட்டாரத்துக்கும் வந்தது. கொலோனில் இரண்டாம் முறை கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் எழுந்தது. 1856ஆம் ஆண்டு அடிக்கல், 1861ஆம் ஆண்டு முதல் வழிபாடு. வரைந்தவர் கர்னல் ரொனால்ட் மெக்பர்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றும் 'மெட்ராஸ் சுண்ணம்' என்ற பூச்சு அந்தச் சுவர்களில் பூசப்பட்டது. அதிகாரியின் பெயர் ஏட்டில் இருக்கிறது. சுண்ணம் தேய்த்த கைகளின் பெயரை யார் சொல்வார்?

கொலோனிலும் அதே நிலைதான். 632 ஆண்டுகளில் தலைமைக் கலைஞர்கள் சிலர் பெயர் தெரியும். படகில் கல் ஏற்றியவர், பாரந்தூக்கியின் சக்கரத்தை மிதித்தவர், 1943இல் செங்கல் அடுக்கியவர் ஆகியோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களில் மிகப் பலர், தாங்கள் தொடங்கியது முடிந்ததைக் காணவே இல்லை.

இங்குதான் சாரத்தின் பெருமை. அதில் நின்று உளி பிடிப்பவர், அந்தப் பெயர் தெரியாதவர்களின் வரிசையில் இன்று நிற்பவர். நோத்ர டாம் எரிந்தபோது அதன் வண்ணச் சன்னல்களில் நான்கைச் சுத்தம் செய்து கொடுத்தது கொலோன் பணிமனை. தம் ஊரையே குண்டுகளால் இழந்த மக்கள், பழைய பகை நாட்டின் ஆலயத்துக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கைத்திறன் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தால் இது நடந்திருக்குமா? 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நோத்ர டாம் மீண்டும் திறந்தது.

திருப்பணி என்ற சொல் நமக்குப் புதிதன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்குச் செய்வது நம் மரபு. அந்த நேரத்தில் வண்ணம் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்க்கிறோம். செதுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் மிச்சம், அவரிடம் கற்றுக்கொள்ள யார் இருக்கிறார் என்று கேட்கிறோமா? கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். கட்டத் தெரிந்த கை இல்லாமல் போனால் பணம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கொலோனுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், தென்கோபுரத்தின் 533 படிகளை ஏறுங்கள். மூச்சு வாங்கும், பரவாயில்லை. மேலிருந்து ரைன் நதியைப் பாருங்கள். இறங்கி வந்த பிறகு ஆலயத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள். கரிய கல்லுக்கு நடுவே வெளிறிய புதுக் கல் எங்கே என்று தேடுங்கள். இன்னும் நூறு ஆண்டில் அதுவும் கறுத்துவிடும். அப்போது அதற்கும் ஒரு சாரம் கட்ட வேண்டிவரும். படம் எடுக்கும்போது சாரத்தைத் தவிர்க்காதீர்கள்.